பொன்விழாப் பதிப்பு இசைத்தட்டுகள்: ஒரு விசாரணை

பாலாற்று நீரைத் தேக்கித் தங்கவயலுக்குப் பல தலைமுறைகளாகக் குடிநீர் கொடுத்துவந்த பேத்தமங்களா ஏரிக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், என் தாய்மாமன் விட்டுப்போன ரேடியோகிராம் ஒன்று இன்றும் இருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த அவர், ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது அவர்கள் விற்ற சாமான்களோடு அதையும், அதனுடன் ஒரு மரப்பெட்டி நிறைய எல்.பி. ரெக்கார்டுகளையும் விலைபேசி வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார் என்று அம்மா சொல்வாள். அந்த ஆங்கிலத் தட்டுகளின் நடுவே மாமா தாமே வாங்கிய எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதமும் பிற்பாடு இடம்பெற்றது. விடியற்காலையில் அதுவும், வேலை முடிந்து அவர் குளித்துவிட்டு வந்து உட்காரும் அந்திப் பொழுதில் பீட்டில்ஸின் ‘ஏபி ரோடு’ம் ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகையால் சங்கீதத்தில் நம்முடையது, அவர்களுடையது என்கிற பேதம் எனக்குச் சிறு வயதில் தெரிந்ததே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பங்காரப்பேட்டையிலிருந்து ரயிலேறி நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் என் அக்காள் மகன், தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, “மாமா, இத வாங்கலாமா, இல்ல காசுக்குக் கேடா?” என்று கேட்டான். 1969 செப்டம்பரில் வெளியான அதே ‘ஏபி ரோடு’க்கு ஐம்பது ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2019-இல் வெளியிடப்பட்ட விசேஷப் பேழை அது: மூன்று குறுந்தட்டுகள், ஒரு ப்ளூ-ரே தட்டு, கனத்த அட்டை போட்ட புத்தகம். விலையோ அவனுடைய மாதச் சம்பளத்தில் கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒரு பங்கு. அன்றைக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேனேயொழிய, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டிலே ஏற்கெனவே இருக்கிற ஒரு பாட்டை, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை, மறுபடியும் பணம் கொடுத்து வாங்குவதற்கு ஒரு மனிதனுக்கு என்ன நியாயம் இருக்க முடியும் என்பதைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்டும் படித்தும் யோசித்தும் சேர்த்துக்கொண்ட அபிப்பிராயங்களையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வியாபாரம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒலித்தட்டுக் கம்பெனிகளுக்கு நெடுங்காலம் ஆண்டு விழாவின் உதவி தேவைப்படவில்லை. அரக்கினால் செய்து நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய தட்டு போய், 1948-இல் எல்.பி. வந்தது, அதன் பிறகு கேசட் வந்தது, 1982-இல் குறுந்தட்டு வந்தது, ஒவ்வொரு தடவையும் ரசிகர்கள் தங்கள் வீட்டிலிருந்த பாட்டுகளையே புதிய உருவத்தில் திரும்ப வாங்கினார்கள். நம் தேசத்தில் இந்த மாறுதல்கள் தாமதமாகவே நடந்தன. கையால் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் இங்கே அப்போதும் வழக்கத்தில் இருந்தமையால், 1960-களின் நடுப்பகுதியிலும் பீட்டில்ஸ் பாட்டுகள் 78 சுற்றுத் தட்டுகளாக இந்தியாவில் அச்சாகின. மின்சாரமில்லாத வீட்டிலும் அவற்றைக் கேட்கலாம் என்பதற்காகச் செய்யப்பட்ட அந்தத் தட்டுகளை இன்றைக்கு மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் பொன்போலத் தேடுகிறார்கள். குறுந்தட்டுக்குப் பிறகு மக்கள் கையில் பிடித்துப் பார்க்கும்படியான புதிய வடிவம் ஒன்றும் நிலைக்கவில்லை. பாட்டு இணையத்தின் வழியே மாதச் சந்தாவுக்கு வரத் தொடங்கிற்று. திரும்பவும் விற்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. இருபத்தைந்து, நாற்பது, ஐம்பது என்ற ஆண்டுக் கணக்கு அந்தக் காரணமாக அமைந்தது.

இப்படிச் சொல்வதனால் எல்லாமே வணிகத் தந்திரம் என்று தள்ளிவிடலாகாது. ‘ஆண்டு நிறைவுப் பதிப்பு’ என்ற ஒரே பெயரின் கீழ் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து காரியங்கள் நடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பாராமல் வாங்கலாமா, வேண்டாமா என்று கேட்டால் விடை கிடைக்காது.

பேழைக்குள் வைக்கப்படும் பொருள்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிங்க் ஃபிளாய்டு குழுவினரின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்துக்கு 2011-இல் வந்த பெரிய பதிப்பில் கோலிக்குண்டுகளும், கழுத்துக்குட்டையும், கோப்பை வைக்கும் அட்டைகளும் இருந்தன. ஜார்ஜ் ஹாரிசனின் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ ஆல்பத்துக்கு 2021-இல் வெளிவந்த மிக உயர்ந்த பதிப்பு மரப்பெட்டியில் அடைத்து, அட்டைப்படத்தில் அவரைச் சுற்றிக் கிடக்கும் குள்ளப் பொம்மைகளின் சிறு உருவங்களுடன், ஏறக்குறைய 1000 டாலருக்கு விற்கப்பட்டது. மேற்படி இரண்டு ஆல்பங்களும் எனக்கு உயிர். ஆனால் கோலிக்குண்டு வேண்டுமென்றால் எங்கள் ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம். இதிலே வருத்தப்படத்தக்க விஷயம் ஒன்று உண்டு. பிங்க் ஃபிளாய்டின் அந்தப் பெட்டிக்குள்ளேயே, ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் 1972-இல் செய்த பூர்வாங்க ஒலிக்கலவையும், 1974-இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த கச்சேரியும் இருந்தன. ஹாரிசனின் பாட்டுகளில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் அள்ளிக் கொட்டியிருந்த எதிரொலியை விலக்கிக் காண வேண்டும் என்று ஹாரிசனே விரும்பியிருந்தபடி, அவருடைய மகன் முன்னின்று புதிய கலவை செய்வித்திருந்தார். உண்மையான விஷயம் உள்ளே இருக்க, அதைத் தொடுவதற்கு விளையாட்டுச் சாமான்களுக்கும் சேர்த்து விலை கொடுக்கும்படி ரசிகனை நிர்ப்பந்திப்பதை நான் அங்கீகரிக்கவில்லை. நல்ல வேளையாக, பெரும்பாலான பதிப்புகளில் இசை மட்டும் அடங்கிய இரண்டு தட்டுப் பொதி ஒன்று மலிவு விலையில் கூடவே வருகிறது.

அடுத்தது ‘ரீமாஸ்டர்’ என்று அட்டையில் பொறிக்கப்படும் வேலை. பாடகரும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து ஒலிக்கும் முடிந்த கலவையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் கனம், கூர்மை, உரப்பு ஆகியவற்றைச் சீர்செய்து புதிய தட்டுக்கு மாற்றுவதே இது. நாள்பட்ட மூல நாடாவில் பூச்சுக்கு ஆதாரமான பசை ஈரம் ஏறிப் பிசுபிசுத்துப் போவதுண்டு. அப்படிப்பட்ட நாடாவைச் சுமார் 50 டிகிரி சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பக்குவம் செய்து, ஒரு சில தடவை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, அந்த அவகாசத்துக்குள் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு சிரத்தையுடன் செய்யப்பட்ட மறுபதிப்பு ஒன்று கிடைத்தால் அதற்கு விலை கொடுப்பது தவறாகாது. ஆனால் 1990-களிலிருந்து இதற்கு நேர்விரோதமான ஒரு வழக்கமும் பரவிவிட்டது. கடையிலும் காரிலும் தங்கள் பாட்டே உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், தணிந்த ஒலிகளையெல்லாம் தூக்கி ஓங்கிய ஒலிகளுக்குச் சமமாக நிறுத்தினார்கள். ஆலாபனையின் முதல் இழையும் தனி ஆவர்த்தனத்தின் கடைசி மோராவும் ஒரே உரப்பில் கேட்டால் கச்சேரி என்ன ஆகும் என்று நம்மவர்கள் கற்பனை செய்து பார்த்தால் போதும், இந்தத் தீங்கு விளங்கிவிடும். இக்கி பாப் 1997-இல் தம்முடைய ‘ரா பவர்’ ஆல்பத்துக்குத் தாமே செய்த மறுகலவை இவ்வகை உரப்புக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது. 1987-இல் ஸீஸீ டாப் குழுவின் பழைய ஆல்பங்களைக் குறுந்தட்டுக்கு மாற்றியபோது, எழுபதுகளில் வாசிக்கப்பட்ட டிரம் ஒலியின் மேல் எண்பதுகளின் செயற்கை முழக்கத்தை ஏற்றி வெளியிட்டார்கள். பல ஆண்டுக் காலம் அவற்றில் சில ஆல்பங்கள் குறுந்தட்டில் அந்தக் கோலத்திலேயே கிடைத்துவந்தன. இதனால் புதுப் பதிப்பு என்றால் பழையதைவிட மேலானது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் ஏதும் இல்லை. பெட்டியின் மேல் எழுதியிருப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை: இடையில் டிஜிட்டல் கலப்பே இல்லாமல் மூல நாடாவிலிருந்து நேரே வெட்டியது என்று ரசிகர்கள் நம்பி உயர்ந்த விலைக்கு வாங்கிய மொபைல் ஃபிடெலிட்டி தட்டுகள் பலவற்றில், டிஜிட்டல் பிரதி ஒரு படியாக இருந்தது என்பதை அந்த நிறுவனமே 2022-இல் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

மூன்றாவது காரியம்தான் என் சிந்தையை அதிகமாகக் கவர்ந்தது. முடிந்த கலவைக்கு முன்னால், வாத்தியங்கள் தனித்தனிப் பாதைகளில் பதிவாகியிருந்த நாடாக்களுக்கே திரும்பிச் சென்று, முதலிலிருந்து மறுபடி கலப்பது இது. பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ 1967-இல் தயாரானபோது, ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்பதற்கான மோனோ கலவைக்கு அந்த நால்வரும் கூடவே உட்கார்ந்து கவனம் செலுத்தினார்கள். ஸ்டீரியோ கலவையோ அவர்கள் இல்லாமல் குறைந்த நேரத்தில் முடிக்கப்பட்டது. ஆனால் பிற்காலத்தில் உலகம் முழுவதும் கேட்டதென்னவோ அந்த ஸ்டீரியோவைத்தான். 2017-இல் ஐம்பதாம் ஆண்டுப் பதிப்புக்காக பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், இடைப் பிரதிகளை ஒதுக்கிவிட்டு முதல் தலைமுறை நாடாக்களை எடுத்து, மோனோவின் கட்டுறுதியை ஸ்டீரியோவில் கொண்டுவந்தார். டிரம்மும் பாஸ் கிதாரும் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்காமல் நடுவிலே ஊன்றி நிற்கின்றன என்பதைப் பயிற்சியில்லாத செவியும் உணரும்.

1966-ஆம் ஆண்டின் ‘ரிவால்வர்’ இதைவிடச் சிக்கலானது. அதற்கு இருந்தவை நான்கே பாதைகள். அந்த ஆல்பத்தின் முதல் பாட்டில் கிதார், பாஸ், டிரம் மூன்றும் ஒரே பாதையில் ஒட்டிக்கிடந்தன. ஒட்டியதைப் பிரிக்க முடியாது என்றே எல்லோரும் இருந்தார்கள். ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காகப் பீட்டர் ஜாக்ஸனின் குழுவினர், ஒவ்வொரு வாத்தியத்தின் குரலையும் கணினிக்குப் பழக்கிக்கொடுத்து, கலந்த ஒலியிலிருந்து அதை உரித்தெடுக்கும் ஒரு முறையை உண்டாக்கிய பிறகே, 2022-இல் ‘ரிவால்வர்’ மறுகலவை சாத்தியமாயிற்று.

தங்கவயலைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சுரங்கத்திலிருந்து ஏற்றிய பாறையை மாவாக இடித்துத் தங்கம் எடுத்தபின் மிஞ்சிய சக்கை, மலை மலையாகக் குவிந்து, எங்கள் பக்கத்தில் சயனைட் மேடு என்ற பெயருடன் நிற்கிறது; கோடையிலே காற்றடித்தால் அந்த வெண்மையான தூள் வீட்டுத் திண்ணைவரை வரும். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பும், மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட அந்தச் சக்கையில் இன்னும் தங்கம் இருக்கிறது என்ற பேச்சு ஓயவில்லை. அதை மறுபடி எடுப்பதற்கான ஏற்பாட்டுக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை சம்மதமும் கொடுத்தது. சக்கையிலிருந்து தங்கம் கிடைப்பது புதுமையன்று. பாதரசத்துக்குப் பிடிபடாத நுண்ணிய தங்கத்தை சயனைடில் கரைத்துப் பிரித்தெடுக்கும் முறை 1887-இல் கண்டுபிடிக்கப்பட்ட பின், முன்னே வீண் என்று கொட்டியதெல்லாம் பொருளாக மாறிற்று. மேடு அதே மேடுதான். பிரித்தெடுக்கும் வித்தைதான் மாறியது. ஆகவே ஒரு மறுபதிப்பை மதிப்பிடும்போது ஆண்டுக் கணக்கைப் பார்ப்பதைவிட, முந்தைய பதிப்புக்கும் இதற்கும் இடையில் புதிதாக எந்த வித்தை கைவந்தது, அல்லது முன்பு எட்டாத எந்த நாடா கைக்கு எட்டியது என்று விசாரிப்பதே முறை. ‘ரிவால்வர்’ விஷயத்தில் அதற்குத் தெளிவான விடை உண்டு. சென்ற பத்தாண்டில் வந்த அதே ஒலியை வேறு அட்டையில் சுற்றி, ஒரு கச்சேரித் தட்டை மட்டும் கூடச் சேர்த்துக் கொடுக்கும் பதிப்புகளுக்கு விடை இல்லை.

கைவிட்ட பாட்டுகளும் ஒத்திகைகளும் வேறொரு வகை. இவற்றில் பெரும்பகுதி ஒரு முறை கேட்டபின் மறுமுறை கேட்கத் தோன்றாதவை என்பதை இசையை நேசிக்கிறவர்களே ஒப்புக்கொள்வார்கள். சில வெளியீடுகள் கேட்பவருக்காக உண்டானவையும் அல்ல. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமைக் காலம் 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டிக்கப்பட்டபோது, வெளியிடப்படாத பதிவுகளுக்கு அந்த நீட்டிப்புக் கிடைக்காது என்றிருந்தமையால், பாப் டிலனுடைய பழைய பதிவுகளைச் சுமார் 100 பிரதிகள் மட்டும் 2012-இல் அச்சிட்டு வெளியிட்டார்கள். உரிமை நீட்டிப்புத் தொகுப்பு என்று அதற்கு வெளிப்படையாகவே பெயரிட்டிருந்தார்கள்.

இருந்தாலும் என் அக்காள் மகனுடைய ‘ஏபி ரோடு’ பேழையில் நான் கேட்ட ஒன்று, இவ்வகையையே அடியோடு தள்ளிவிட முடியாதபடி செய்துவிட்டது. (ஆறு மாதம் பணம் சேர்த்து அவன் அதை வாங்கியே விட்டான்.) மாமாவின் தட்டில் இரண்டாம் பக்கம் முடிந்து, ஊசி வெறும் வரியில் ஓடும்போது, எதிர்பாராமல் ஒரு பெரிய கிதார் அதிர்வு விழும், அதையடுத்து அரை நிமிஷங்கூட இல்லாத ‘ஹர் மெஜஸ்டி’ என்ற குட்டிப் பாட்டு வரும், கடைசி ஸ்வரம் வராமலே சட்டென்று அறுந்துபோகும். சிறுவனாயிருந்தபோது எங்கள் தட்டில்தான் ஏதோ குறை, விற்றவர்கள் பழுதான பிரதியைக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். அந்த அறுந்த ஸ்வரத்தை வாயால் பாடி முடிப்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளின் வழக்கமாகவும் இருந்தது. உண்மையில் அந்தப் பாட்டு, தொடர்ந்து வரும் பாட்டுக் கோவையின் நடுவே ஓரிடத்தில் இருந்தது. அது அங்கே வேண்டாம் என்று பால் மெக்கார்ட்னி சொல்லிவிட, எந்தப் பதிவையும் தூக்கி எறியலாகாது என்ற விதியின்படி, ஜான் குர்லாண்டர் என்ற இளம் ஒலிப்பதிவு உதவியாளர் வெட்டிய துண்டை நாடாவின் கடைசியில் சிறிது இடைவெளி விட்டு ஒட்டிவைத்தார். தொடக்கத்தில் விழும் அந்த அதிர்வு முந்தைய பாட்டின் கடைசி வீச்சு; அறுந்துபோன கடைசி ஸ்வரம் அடுத்த பாட்டின் தொடக்கத்தோடு போய்விட்டது. ஐம்பதாம் ஆண்டுப் பேழையில் வெட்டுவதற்கு முந்தைய கோவை முழுமையாக இருக்கிறது. ஓர் இரவில் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு நாங்கள் இருவரும் அதைக் கேட்டோம். நடுவிலே அந்தக் குட்டிப் பாட்டு வந்து, கடைசி ஸ்வரம் தன் இடத்தில் விழுந்தபோது, நாற்பது ஆண்டுகளாக ஒரு வாக்கியத்தின் பாதியை மட்டும் கேட்டுவந்தவனுக்கு மீதிப் பாதி கிடைத்ததுபோல இருந்தது. கூடவே இன்னொன்றையும் உணர்ந்தேன்: அது நடுவில் நிற்கும்போது கோவை சற்றே தளர்கிறது, வெட்டச் சொன்னவர் முடிவு சரிதான். ஒரு கலைஞன் எதைச் சேர்த்தான் என்பது தட்டிலே தெரியும், எதை விலக்கினான் என்பது இப்படிப்பட்ட பதிப்பில்தான் தெரியும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு வாதங்கள் உண்டு. முதலாவது, வெளிவந்த வடிவமே கலைஞனின் முடிவு, அதைத் திரும்பக் கலப்பது அதிகப்பிரசங்கம் என்பது. பழைய கலவையும் விற்பனையில் தொடர்ந்து கிடைக்கும்வரை இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஸீஸீ டாப்புக்கு நேர்ந்ததுபோலப் பழையதை மறைத்துவிட்டுப் புதியதையே மூலம் என்று காட்டும்போதுதான் இந்த வாதம் பலம் பெறுகிறது. இரண்டாவது, எல்லாமே மாதச் சந்தாவில் கிடைக்கும்போது பெட்டி எதற்கு என்பது. வாஸ்தவம், ஒலியை மட்டும் நாடுகிறவர் முதலில் அங்கே கேட்டுவிட்டு, திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றினால் மட்டும் வாங்குவதே விவேகம், நான் எவருக்கும் சொல்லும் யோசனையும் அதுவே. ஆயினும் சந்தாவில் கிடைப்பது வாடகை வீடு போன்றது. உரிமைக்காரர் நினைத்தால் ஒரே நாளில் பாட்டு மறைந்துவிடும், புத்தகமும் குறிப்புகளும் அங்கே பெரும்பாலும் வருவதில்லை. மேலும் 2008 ஜூன் முதல் தேதி ஹாலிவுட்டில் யூனிவர்ஸல் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது அமெரிக்க இசையின் மூல நாடாக்கள் பல அழிந்தன என்ற செய்தி பதினொரு ஆண்டு கழித்தே உலகத்துக்குத் தெரியவந்தது. எத்தனை என்பதிலே தகராறு இருந்தாலும், ஒருமுறை போனது போனதுதான். ஆண்டு விழாவின் சாக்கில் யாராவது நாடாவை எடுத்துத் தூசி தட்டி நல்ல பிரதி எடுத்துவைத்தால், அந்தச் சாக்கை நான் குறைசொல்ல மாட்டேன்.

இங்கேதான் என் மனம் நம்முடைய சங்கீதத்தின் பக்கம் திரும்புகிறது. ஆங்கில ஆல்பம் ஒன்றின் ஐம்பதாம் ஆண்டுக்கு எந்த மைக்கில் எவர் எந்தத் தேதியில் பாடினார் என்பதுவரை புத்தகம் போடுகிறார்கள். வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யாக வந்தது 1963-இல். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் அதைப்போல நாள்தோறும் ஒலித்த தட்டு வேறொன்று உண்டா என்பது சந்தேகம். அந்தப் பதிவு எப்படி நடந்தது, எத்தனை முறை பாடினார்கள், எதை விட்டார்கள் என்பதைச் சொல்லும் ஒரு புத்தகத்தோடு, மூல நாடாவிலிருந்து நேரே எடுத்த ஒரு பதிப்பு எங்கள் வீட்டு அலமாரியில் வைக்கக் கிடைத்ததில்லை. கிடைத்தவையெல்லாம் பிரதியின் பிரதியான கேசட்டுகளே. 1933-இல் இளவயதிலேயே மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் அரக்குத் தட்டுகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற தனிமனிதர்கள் ஆயிரக்கணக்கான 78 சுற்றுத் தட்டுகளைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றியிராவிட்டால், பெங்களூரில் விக்ரம் சம்பத் தொடங்கிய இந்திய இசைக் காப்பகம் போன்ற முயற்சிகள் நடந்திராவிட்டால், அந்தக் காலத்துச் சங்கீதத்தின் பெரும்பகுதி வதந்தியாகவே நமக்கு மிஞ்சியிருக்கும்.

சட்டம்கூட இன்று தடையாக இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். பாட்டை இயற்றியவர், இசையமைத்தவர் ஆகியோரின் உரிமை தனிக் கணக்கு. தியாகையர் கீர்த்தனை போன்றவற்றில் அந்தத் தனிக் கணக்குக்கும் இடமில்லை. ஆகவே 1950-களின் எத்தனையோ தட்டுகளைச் சிரத்தையுள்ள எவரும் சுத்தமாக மறுபதிப்புச் செய்யலாம். சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த கேரவான் பெட்டி, ஆயிரக்கணக்கான பழைய பாட்டுகளை முதியவர்கள் ஒரு பொத்தானில் கேட்கும்படி செய்தது; என் அம்மாவுக்கும் ஒன்று வாங்கிக்கொடுத்தேன், அதற்காக நன்றியும் உடையவன். ஆனால் பிடில் யார், மிருதங்கம் யார், எந்த ஆண்டு என்று கேட்டால் அந்தப் பெட்டி பதில் சொல்லாது.

நம் சினிமாப் பாட்டு, ராக் இசை ஆகியவற்றின் கதை இன்னும் விசித்திரமானது. 1977 முதல் 1983 வரை இளையராஜா செய்த பாட்டுகளில் மின்னணு ஒலிகள் விளையாடுபவற்றைப் பொறுக்கி, ‘சொல்லச் சொல்ல’ என்ற பெயரில் எல்.பி. தொகுப்பாக வெளியிட்டது ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். எழுபதுகளில் மும்பையில் ராக் வாசித்த அட்டாமிக் ஃபாரஸ்ட் குழுவின் பதிவுகளைத் தேடிப்பிடித்து மறுபதிப்புச் செய்தது நௌ-அகெய்ன் என்ற அமெரிக்க நிறுவனம். இவ்வளவு தூரத்திலிருந்து வந்து நம் குப்பைமேட்டைக் கிளறித் தங்கம் எடுத்தவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. நம்மவர்கள் செய்யவில்லையே என்கிற தாபமும் உண்டு. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-இல் வெளிவந்தது. 2026-இல் அதற்கு நாற்பது ஆண்டு நிறைகிறது. மேல்நாட்டு இசைமேதை பாக்கையும் தியாகையரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்த அந்த ஆல்பத்தில் வி.எஸ். நரசிம்மனின் வயலினைக் கேட்டு, மேல்நாட்டுச் சாஸ்திரீய இசை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டவர்கள் என் தலைமுறையில் ஏராளம். இளையராஜாவின் கையெழுத்திலுள்ள ஸ்வரத் தாள்களின் நகல், அந்தக் குழுவில் வாசித்த ஒவ்வொருவரின் பெயர், ஒத்திகையில் அவர் திருத்திய இடங்கள், நாடாவிலிருந்து நேரே எடுத்த ஒலி இவற்றோடு ஒரு பேழை வெளிவருமானால், ஒரு மாதத்து ஓய்வூதியம் முழுவதையும் தயக்கமின்றிக் கொடுப்பேன். அதிலே குள்ளப் பொம்மையும் கழுத்துக்குட்டையும் வேண்டாம்.

பழைய ஒலியைப் புதுப்பிக்கப் புகுகிறவர்களுக்குக் கைத்திறத்துக்கு முன் செவி வேண்டும் என்பதை என் சொந்த அனுபவத்தில் அறிவேன். எங்கள் ஊர் விஜயேந்திர ஸ்வாமி கோயில் உற்சவத்தில் எண்பதுகளில் ஓர் இரவு நாகஸ்வரக் கச்சேரியை மாமா தம்முடைய டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தார். வருஷங்கள் கழிந்து கேசட்டில் பூஞ்சை படர்ந்துவிட, நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்துக் குறுந்தட்டாக மாற்றித் தரச் சொன்னேன். வந்ததைப் போட்டுக் கேட்டபோது இரைச்சல் துளிகூட இல்லை. அத்துடன் தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழும் அந்த வெடிப்பும் இல்லை, ஜால்ராவின் ஜிலுஜிலுப்பும் இல்லை, சீவாளியில் காற்றுப் புகும் சீறலும் இல்லை; இரைச்சல் என்று இயந்திரம் எதை எண்ணிற்றோ அதையெல்லாம் வழித்துப் போட்டிருந்தார்கள். ஆபோகி ராகத்தின் நடுவில் “அப்பா, பலூன்” என்று கூட்டத்தில் ஒரு குழந்தை கேட்கும், அதுவும் போய்விட்டது.

அக்காள் மகன் இப்போது வேறொரு பேழையின் படத்தைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறான். முந்தைய பதிப்புக்குப் பின் அதில் எந்த நாடா புதிதாகக் கிடைத்தது என்று பார்த்துச் சொல் என்றேன். தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, அட்டைதான் புதிது என்றான். அந்தப் பணத்தில் தலை தேய்ந்திராத ஒரு நல்ல கேசட் டெக் வாங்கலாம் என்று இருவரும் தீர்மானித்திருக்கிறோம். பெங்களூர் அவென்யூ ரோட்டை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவன் விசாரித்துக்கொண்டிருக்கிறான். மாமாவின் கையெழுத்தில் தேதி போட்ட அந்தக் கேசட், பூஞ்சை துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி, என் பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது.